கதண்டுக்குச் சுண்ணாம்பு மருந்தல்ல!

“டாக்டர், வாசல்ல குளவி கூடு கட்டியிருக்கு. கலைக்கலாமா, கூடாதா?”

சித்த வைத்தியரிடம் இதையெல்லாமா கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். கேட்கிறார்கள்! “கலைக்காதே, வீட்டுல குழந்தை பொறக்கும்” என்பார் மாமியார். விளக்குமாற்றோடு நிற்பார் மருமகள். பஞ்சாயத்து என்னிடம் வரும்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். “எந்தக் குளவிம்மா?”

சுவர் மூலையிலும் ஜன்னல் சட்டத்திலும் மண்ணைக் கொண்டுவந்து அப்பிக் கூடு கட்டுவது மண் குளவி. அது தனிக்கட்டை. சிலந்தியையோ புழுவையோ கொட்டி மயக்கிக் கூட்டுக்குள் வைத்து, கூடவே முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கிவிடும் என்று பாட்டி சொன்ன கதை சரியல்ல. முட்டையிலிருந்து வருகிற குஞ்சுக்கு அந்தப் புழுதான் சாப்பாடு. நாமாகப் பிடித்து நசுக்கினாலொழிய மண் குளவி நம்மைக் கொட்டுவது அபூர்வம். அது பாட்டுக்கு இருக்கட்டும், விட்டுவிடுங்கள்.

சன்ஷேடுக்கு அடியில், சின்னக் குடையைக் கவிழ்த்த மாதிரி, அறைகள் வெளியே தெரியும்படி தொங்கும் கூடு இன்னொரு வகை. இவை கூட்டமாக இருக்கும், சீண்டினால் கொட்டும். ஆள் புழங்காத இடமென்றால் அதையும் விட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் கதண்டு. தென் மாவட்டங்களில் கடந்தை என்பார்கள். விரல் கனம், கருத்த உடம்பு, வயிற்றைச் சுற்றி மஞ்சளோ ஆரஞ்சோ ஒரு பட்டை. பனை, தென்னை, மரப்பொந்து, பூட்டிக் கிடக்கிற வீடு என்று எங்கே வேண்டுமானாலும் கட்டும். கூடு பானை அளவுக்குப் பெருத்துவிட்டால் உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும். தேனீ ஒரு தடவை கொட்டினால் கொடுக்கை விட்டுவிட்டுச் செத்துப்போகும். கதண்டு அப்படியில்லை. ஒன்றே பல தடவை கொட்டும். ஒன்றை நசுக்கினால் அந்த வாடைக்கு மற்றவையும் பறந்து வரும்.

1996-ல் நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரி முடித்து கிளினிக் போட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நஞ்சு மருத்துவத்தைப் பாடமாகப் படித்துத் தேறியவன் என்கிற தெம்பு வேறு. ஒரு மத்தியானம், தோப்பில் மட்டை பொறுக்கப் போன நாற்பது வயதுக்காரரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் சுண்ணாம்பு. “தடவிட்டு, அடங்குதான்னு பார்த்தோம் தம்பி” என்றார் அவருடைய அண்ணன். இமை வீங்கி, குரல் கம்மி, குப்பென்று வியர்த்திருந்தது. நாடி நூலாக ஓடியது.

அந்த நிமிஷமே வண்டி பிடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் மருந்து உரைத்துக் கொடுத்தேன். “டாக்டர் தம்பி இருக்காரு, இனிமே பயமில்லை” என்று கூட்டத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. பத்து நிமிஷம் போயிற்று. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. உடனே அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் என்னால் போனது.

அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். விஷம் தோலுக்கு உள்ளே இறங்கிவிட்டது. மேலே தடவுகிற சுண்ணாம்பு அதை முறிக்காது, தோலைத்தான் புண்ணாக்கும். ஒவ்வாமையால் மூச்சுக்குழல் இறுகி, ரத்த அழுத்தம் சரியும்போது, தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். என் அலமாரியில் அதற்கு ஈடு கிடையாது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. எதை நாம் பார்க்கலாம், எதை உடனே அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருப்பதும் வைத்தியம்தான்.

ஒன்றிரண்டு கொட்டு, வலியும் வீக்கமும் அந்த இடத்தில் மட்டும்தானா? சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். கையில் கொட்டியிருந்தால் மோதிரம், வளையலை உடனே கழற்றிவிடுங்கள். வீங்கின பிறகு வராது.

கொட்டாத இடத்திலும் தடிப்பு, உதடு வீக்கம், குரல் மாற்றம், மூச்சுத்திணறல், வாந்தி, தலைசுற்றல் இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வாய், தொண்டைக்குள் கொட்டினாலும், ஏற்கெனவே ஒரு தடவை ஒவ்வாமை வந்தவர் என்றாலும் அப்படித்தான். தலைசுற்றினால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். எழுப்பி நடக்க வைக்காதீர்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்கார வையுங்கள்.

இன்னொன்று. பத்துக் கொட்டுக்கு மேல் வாங்கியவர் “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். குழந்தைகள் என்றால் அந்தக் கணக்குக்கூட வேண்டாம். நிறைய விஷம் ஏறினால் தசையும் ரத்த அணுக்களும் சிதைந்து, ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் கெடலாம். சிறுநீர் குறைந்தாலும் கடுங்காப்பி நிறத்தில் போனாலும் அது ஆபத்து.

சரி, கூட்டை என்ன செய்வது? மண்ணெண்ணெய்த் துணியைக் கம்பில் சுற்றிக் கொளுத்துகிற வீர விளையாட்டு வேண்டவே வேண்டாம். தப்பிய கதண்டுகள் உங்களைத்தான் தேடி வரும். கூரைக்கும் தீ தாவும். குழந்தைகளைக் கல்லெறிய விடாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு, 101-க்குப் போன் செய்யுங்கள். கதண்டுக் கூட்டை அகற்றுவது அவர்களுக்குப் பழகின வேலை. அவர்கள் வரும்வரை அந்தப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துரத்தினால் கையை வீசாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள்.

இன்று சாயங்காலம் ஒரு தடவை வீட்டைச் சுற்றி வந்து அண்ணாந்து பாருங்கள். மண் கூடு இருந்தால் மாமியார் பேச்சைக் கேளுங்கள். கதண்டுக் கூடு இருந்தால் விளக்குமாற்றை வைத்துவிட்டு போனை எடுங்கள். சுண்ணாம்பு வெற்றிலைக்கு மட்டும் இருக்கட்டும்.