அச்சு எடுத்த கை

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த நண்பர் ஒருவர், "தங்கள் தந்தையார் என்ன தொழில் செய்கிறார்?" என்று என்னைக் கேட்டார். "ஒரு தொழிற்சாலையில் பணி" என்றேன். அது பொய்யன்று, ஆயினும் உண்மையை மூடி மறைத்த விடை. பௌதிகத்தில் முதுகலை பயிலும் 23 வயது இளைஞன், தந்தையின் தொழிலைச் சொல்ல ஏன் கூசினான்? அந்தக் கூச்சம் என் ஒருவனுடையது மட்டும் அன்று என்பதால் இதனை எழுதுகிறேன்.

என் தந்தையார் பிழைப்புத் தேடிக் கோவையிலிருந்து வடக்கே வந்தவர். செல்வர் இல்லங்களுக்கு வெண்கல மேசைகளும் நாற்காலிகளும் வார்த்துத் தரும் வார்ப்படச் சாலையில் அச்சு எடுப்பவர். ஒரு மேசைக்கால் உருவாகும் வகையைக் கேளுங்கள். முதலில் கொடியும் இலையுமாகக் களிமண்ணில் உருவம் செய்வார்கள். அதன்மேல் பாரிஸ் சாந்து பூசி அப்பா அச்சு எடுப்பார். இலை மடிந்த இடங்களில் அச்சு சிக்கிக்கொள்ளும். ஆகவே அதைப் பல துண்டுகளாகப் பிரித்தெடுக்க வேண்டும். எங்கே பிரிப்பது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. பிறகு அச்சின் உட்புறம் 5 மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகு பூசுவார்கள். நடுவே கருமண் நிரப்பி, அது நகராதபடி ஆணிகள் செருகி, வெண்கலம் இறங்க ஒரு வழியும் காற்று வெளியேறச் சில வழிகளும் வைத்து, வெளியே மண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் வெண்கலம் புகும். 70 செ.மீ. உயரமும் 4 செ.மீ. குறுக்களவும் உள்ள ஒரு காலைக் கட்டியாக வார்த்தால் ஏழரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். இவ்வாறு உள்ளே கூடாக வார்த்தால் மூன்றரைக் கிலோவுக்குள் அடங்கும்.

அப்பாவிடம் ஓர் அளவுகோல் உண்டு. அதன் ஓரடி, கடையில் விற்கும் கோலின் ஓரடியைவிடச் சற்று நீளம். சிறுவயதில் அது பிழையான கோல் என்று நகைத்திருக்கிறேன். வெண்கலம் குளிரும்போது அடிக்கு ஏறத்தாழ 3/16 அங்குலம் சுருங்கும் என்பதைப் பின்னால்தான் கற்றேன். அந்தச் சுருக்கத்தை முன்னரே கணக்கிட்டுச் செய்த கோல் அது! சென்ற விடுமுறையில், அப்பா இல்லாத நேரத்தில், அச்சு காய்ந்துவிட்டது என்று சொல்லி வார்க்கச் செய்தவன் நான். எஞ்சிய ஈரம் ஆவியாகி, கால் முழுவதும் துளைகள். "தொட்டுப் பாத்தியா, கண்ணு?" என்று மட்டும் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

பாரிஸ் நகரில் தியேகோ ஜாக்கோமெட்டி என்பவர் இருந்தார், 1902-இல் பிறந்தவர். தமையன் ஆல்பர்ட்டோ புகழ்பெற்ற சிற்பி. அவருடைய களிமண் உருவங்களுக்கு உள்ளே கம்பிச் சட்டம் கட்டியதும், அச்சு எடுத்ததும், வார்த்த வெண்கலத்துக்கு நிறமூட்டியதும் தம்பியின் கைகள். 1966-இல் ஆல்பர்ட்டோ மறையும் வரை இந்த உழைப்பு நீடித்தது. உலகம் அவரைத் தம்பி என்றே அறிந்தது. ஆயினும், பறவையும் தவளையும் இலையும் அமர்ந்த வெண்கல மேசைகளை அவர் தம் பெயரிலேயே செய்தார். பாரிசிலுள்ள பிக்காசோ அருங்காட்சியகத்தின் இருக்கைகளும் மேசைகளும் விளக்குகளும் அவர் படைப்பு. அது 1985-இல் திறக்கப்பட்டது. அதற்குச் சில திங்கள் முன்னரே அவர் மறைந்தார். பின்னர் அவர் பெயரில் போலிகள் சந்தைக்கு வந்தன. வார்த்த பொருளிலிருந்தே மீண்டும் அச்சு எடுத்து வார்த்தால், சுருக்கத்தால் அது மூலத்தைவிடச் சிறுத்துவிடும். கள்ளனைக் காட்டிக்கொடுக்க வல்லது, அச்சுக்காரர் நாள்தோறும் கணக்கிடும் அதே சுருக்கம்தான்!

"அச்சு எடுப்பவன் பிறர் எண்ணியதைத்தானே வார்க்கிறான்?" என்பர் சிலர். உருவத்தை எண்ணியவரின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் மண்ணின் ஈரமும் உலோகத்தின் சுருக்கமும் அறிந்த கை இல்லையேல், அழகிய வரைபடம் ஆடும் மேசையாகத்தான் முடியும். அவ்வறிவை நாம் நூலில் படித்தால் விஞ்ஞானம் என்கிறோம். தொழிலாளி கையில் கண்டால் கூலி வேலை என்கிறோம். இது என்ன நீதி?

சோழர் காலத்துத் திருமேனிகளைச் சொல்லி இங்குள்ள பிறமொழி நண்பர்களிடம் பெருமை பேசுகிறோம். குந்தவையார் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த திருமேனிகளின் உயரத்தைக்கூடக் கல்வெட்டு சொல்கிறது. அவற்றை வார்த்தவர்களின் பெயரோ நம் நாவில் இல்லை. அந்தக் குறையை இனித் தீர்க்க இயலாது. இன்றைய குறையைத் தீர்க்கலாம். நம் ஆண்டு விழாக் கண்காட்சியில் வைக்கும் ஒவ்வொரு பொருளின் அருகிலும், கொடுத்தவர் பெயரோடு செய்தவர் பெயரையும் எழுதுவோம். தெரியாவிடில் கேட்டறிந்து எழுதுவோம்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு சொல்: என் தந்தையார் வெண்கல வார்ப்புக்கு அச்சு எடுப்பவர். அன்றே சொல்லியிருக்க வேண்டும், பொறுத்தருள்க.