குருவிக்குக் கதிரைக் கட்டுங்க, தானியத்தை இறைக்காதீங்க

காலையில வில்லாபுரம் ஹவுசிங் போர்டு பக்கம் போனா, மொட்டை மாடிகள்ல கம்பும் அரிசியும் இறைஞ்சு கிடக்கும். கேட்டா, "சிட்டுக்குருவிக்குப் போடுறோம்"னு சொல்வாங்க. ஆனா தின்னுட்டுப் போறது மாடப்புறா. நல்ல மனசோட செய்யற காரியம்தான், குருவிக்குத்தான் போய்ச் சேர்றதில்லை.

சிட்டுக்குருவி எடை 30 கிராம் இருந்தா அதிகம். புறா 300 கிராம். திறந்த தரையில இரை போட்டா, பெருசுதான் பந்தியில முந்தும். புறாக் கூட்டம் சேர்ந்தா எச்சமும் சேரும். அந்தத் தூசியை நாள்கணக்கா சுவாசிச்சா சிலருக்கு நுரையீரலே கெட்டுப்போகுது. மும்பையில புறாக்களுக்குத் தீனி போடுற கபூதர்கானாக்களை மூடச் சொல்லி 2025-ல மகாராஷ்டிர அரசு உத்தரவு போட்டது இந்தக் காரணத்தைச் சொல்லித்தான்.

நம்ம ஊர்கள்ல இதுக்குப் பழைய வழி ஒண்ணு உண்டு. அறுவடையில ஒரு பிடி நெற்கதிரைக் கொத்தாக் கட்டி, வாசல் இறவாரத்துல தொங்கவிடறது. சிட்டுக்குருவி ஆடுற கதிரையே காலால பற்றிக்கிட்டு, உமியை நீக்கி நெல்லைத் தின்னும். புறாவுக்கு அப்படித் தொங்கத் தெரியாது, அதுக்கு நிக்க இடம் வேணும். வலை வேண்டாம், விரட்டவும் வேண்டாம்.

இப்ப கதிர் கிடைக்கிறதுதான் கஷ்டம். மெஷின்ல அறுத்தா நெல் மணியாக் கொட்டும், முழுக்கதிர் மிஞ்சாது. மெஷின் வயல்ல இறங்கறதுக்கு முன்னாடி வரப்போரமா நாலு பிடி கையால அறுத்து வெச்சாத்தான் உண்டு. அதனால தைப்பொங்கலுக்கு ஊருக்கு வர்றவங்க, தெரிஞ்ச சம்சாரிகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. கடைசியா எப்ப மருந்தடிச்சாங்கன்னும் கேட்டுக்குங்க. காசு கொடுத்தே வாங்குங்க.

கதிர் கிடைக்காதவங்க, தீனித் தட்டைச் சுத்தி ஒன்றரை அங்குலக் கண் உள்ள கம்பிவலையைக் கூண்டு மாதிரி கட்டுங்க. குருவி நுழையும், புறா நுழையாது. உப்புச் சோறும் மிக்சரும் வேண்டாம். தண்ணித் தட்டைத் தினமும் கழுவுங்க.

நெல்லும் கம்பும் வளர்ந்த குருவிக்குத்தான். கூட்டுல இருக்கற குஞ்சுக்குப் புழு பூச்சி வேணும். செல்போன் டவரைத் திட்டறது சுலபம், ‘2.0’னு படமே வந்தாச்சு. ஆனா அதுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. முருங்கைக்கு மருந்தடிச்சு, செம்பருத்தியை வெட்டி, வாசல் முழுக்க சிமெண்ட் பூசிட்டு, மார்ச் 20-ல சிட்டுக்குருவி தினம் கொண்டாடினா குஞ்சு எதைத் தின்னும்? ஒரு செடியையாவது மருந்தடிக்காம விடுங்க.

காக்காவையும் புறாவையும் வெறுக்கச் சொல்லலை. காக்காவுக்குக் காலையில ஒரு பிடி சோறும் அமாவாசைப் படையலும் என்னிக்கும் உண்டு, அதை வேற மூலையில வைங்க. புறா டவுன்ல எப்படியும் பிழைச்சுக்கும். குருவிக்குத்தான் நாம இடம் ஒதுக்கணும்.

கதிர் கட்டின உடனே குருவி வராது. பழகக் கொஞ்ச நாள் ஆகும். அவசரப்பட்டு அவிழ்த்துடாதீங்க.