எரிமலை தராத மண்

ஜாவாவின் உழவர்கள் மெராப்பி மலைக்கு அஞ்சுவார்கள். ஆனால் அதன் அடிவாரத்தை விட்டுப் போகமாட்டார்கள். மலை சீறும்போது ஊர்கள் சாம்பலில் புதைகின்றன, உயிர்கள் போகின்றன. அடங்கியபின் மிஞ்சியவர்கள் அதே இடத்துக்குத் திரும்பி விதைக்கிறார்கள். காரணம் அந்தச் சாம்பல்தான். காலப்போக்கில் அது கறுத்து, இலேசாகி, தன் எடைக்கு ஈடாகக்கூட ஈரம் பிடித்து வைக்கும் மண்ணாக மாறிவிடுகிறது. உலக நிலப்பரப்பில் இத்தகைய எரிமலைச் சாம்பல் மண் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. அதை நம்பி வாழ்வோரோ உலக மக்களில் பத்தில் ஒருவர் என்று மண்ணியலாளர் சொல்கிறார்கள்.

அந்த மண்ணிலும் ஏழைப் பிரிவு ஒன்று உண்டு. மலைச் சரிவுகளில் சாம்பலோடு கல்லும் பரலும் கலந்து கிடக்கும் தரைகள் அவை. ஹவாயின் மௌனா கேயா, அமெரிக்காவின் ஓரிகன், கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கு என்று பல இடங்களில் அவற்றை உழாமல் மாட்டுக்கு விட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் பரல்களில் பெரும்பாலானவை நுரைக்கல். உள்ளே ஆயிரம் நுண்துளை. மழை பெய்தால் கல்லே தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், கோடையில் புல்லின் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். மேல் மண் தேய்ந்துபோனால் புதுக் கனிமங்களைக் கொண்டுவர அடியில் நெருப்பும் இருக்கிறது.

மட்டக்களப்பு வாவியைக் கடந்து படுவான்கரையின் வயல் வட்டைகளையும் தாண்டி மேற்கே போனால் நம் மேய்ச்சல் தரைகள் வரும்: மயிலத்தமடு, மாதவனை, குடும்பிமலையைச் சுற்றிய புல்வெளிகள். இங்கேயும் பரல் நிறைந்த தரை, மெல்லிய சரிவு, புல், ஆயிரக்கணக்கில் மாடுகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஆனால் இந்தத் தரைக்கு எரிமலை என்ற முதலீட்டாளர் கிடையாது. இதை மறந்து போடப்பட்ட திட்டங்களே இந்த மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இன்றுள்ள துயரத்துக்குப் பெரும்பகுதி காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

இலங்கையின் கிழக்குப் பகுதி நிற்கும் பாறைத் தொகுதியை விஜயன் தொகுதி என்கிறார்கள். வயது ஏறத்தாழ நூறு கோடி ஆண்டு. பூமியின் ஆழத்தில் வெந்து, அமுங்கி, உருமாறிய பாறை அது. மேலே வந்து வெயிலிலும் மழையிலும் கிடந்து, நின்ற இடத்திலேயே உக்கிக் கொண்டிருக்கிறது. கரையக்கூடியதெல்லாம் கரைந்து போய்விட்டது. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. கரையாமல் நின்றது படிகக்கல்லும் இரும்புக்கல் பரலும். இந்த மண்ணை நம் மண்ணியலாளர் சுண்ணமில் கபில மண் என்று வகுத்தார்கள். இலங்கை மண்ணைப் படித்துத் தொகுத்தவர்களில் முதன்மையானவரான சி. ஆர். பானபொக்கேயும் அவர் காலத்தவரும் விட்டுச்சென்ற வரைபடங்களில், கிழக்கின் உள்நிலத்தில் இது பரந்து கிடப்பதைக் காணலாம். மணற்பாங்கு, எளிதில் அரிபடும் குணம், குறைந்த சத்து, ஈரம் நிற்காத உடம்பு: இவையே அதன் இயல்பு.

எரிமலைச் சாம்பல் நம் பக்கம் வராமலே போனதா என்றால், ஒரு முறை வந்தது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமாத்திராவில் தோபா வெடித்தபோது அதன் சாம்பல் வங்கக் கடலெங்கும் பெய்தது. கடலடிப் படிவுகளில் அது இன்றும் தனி அடுக்காகக் கிடக்கிறது. ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் அதே சாம்பல் அடுக்குக்கு மேலும் கீழும் ஆதி மனிதரின் கற்கருவிகளை அகழ்ந்திருக்கிறார்கள். ஆனால் நம் மேய்ச்சல் தரை அந்தச் சாம்பலில் விளைந்ததல்ல. இதன் தாய் அடியிலுள்ள பாறைதான். அது கொடுப்பதோ வெகு மெதுவாக.

இந்த மண்ணின் உள்ளமைப்பைக் காணச் சிறந்த இடம், துயரமான விதத்தில், வீதிக்குக் கிறவல் அள்ளிய குழிகள்தான். குழியின் செங்குத்துச் சுவரைப் பாருங்கள். மேலே ஒரு சாண் அளவுக்குப் பழுப்பு மண், அதில் புல்வேர் வலை. அதற்குக் கீழே சட்டென்று கோடு கிழித்ததுபோலப் பரல்: வெள்ளைப் படிகக்கல் துண்டுகள், கோலிக்குண்டு அளவில் துருநிற இரும்புக்கல். அதற்கும் கீழே உக்கிய பாறை. கையில் எடுத்தால் பொடியும், ஆனால் பாறையின் வரிகள் அப்படியே தெரியும். பரலுக்கு மேலே கல்லே இல்லாத அந்த மென்மண் எப்படி வந்தது? அதில் பெரும் பங்கு கறையானின் வேலை. கறையான் பரலுக்குக் கீழிருந்து வாயில் அடங்கும் பொடிமண்ணை மட்டும் எடுத்து மேலே புற்றுக் கட்டுகிறது. புற்று மழையில் கரைந்து பரவுகிறது. வேறு புற்று எழுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இப்படிச் சேர்ந்த மண்ணில்தான் புல் நிற்கிறது. எரிமலை ஒரே இரவில் கொட்டுவதைக் கறையான் இங்கே மணி மணியாகச் சுமந்திருக்கிறது.

இரண்டாவது உழைப்பாளி மாடு. பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் மாட்டுக்கு இடமிருக்காது. பட்டிகள் மேற்கே போகும். வாடைக் காற்றோடு மழை வரும் மாதங்களில் மேய்ச்சல் தரை பசுமையாக நிற்கும். அறுவடை முடிந்ததும் மாடுகள் வயலுக்கு இறங்கி அரிதாளை மேய்ந்து, எருவை அங்கே விட்டுச் செல்லும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்குத் தரை ஓய்ந்து கிடக்கும். பட்டி அடைத்த பழைய இடங்களை மழைக்காலத்தில் எளிதாக அடையாளம் காணலாம். அங்கே புல் ஒரு நிறம் கூடுதலாகக் கறுத்திருக்கும். வயல் உடைமைக்காரரான போடியார்களும் பட்டிக்காரரும் மண்ணியல் படித்தவர்களல்ல. ஆனால் ஏழை மண்ணுக்கு ஏற்ற சுழற்சியை அவர்கள் கையாண்டார்கள். இந்தச் சுழற்சியிலிருந்து வந்ததுதான் சட்டியில் உறைந்த மட்டக்களப்புத் தயிரின் புகழ்.

காடும் புல்லும் செழித்திருந்தால் மண்ணும் வளமானது என்று நினைப்பது பழைய மயக்கம். 1840களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து மாடு, விதை, ஆட்களோடு நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், எருவிடாமல் அங்கே எதுவும் விளையாது என்று பட்டுணர்ந்து எழுதினார். வேட்டைக்காக அவர் கிழக்கே இறங்கி வந்தபோது, மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் புல்வெளிகளைப் ‘பார்க்’ என்று வியந்து குறித்தார். கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை நின்ற அந்த நிலத்தை, நூறு ஆண்டு கழித்து 1951இல், வன இலாகாவின் ஹோம்ஸ் இலங்கையின் புல்நிலங்களைப் பற்றிய தன் நூலில் தனி வகையாக விரித்தெழுதினார். அறியாமை என்ற சாக்கு அதன்பின் எவருக்கும் இல்லை.

ஆனாலும் அந்த நூலுக்கு முன்னும் பின்னும் திட்டங்கள் வந்தன. 1949இல் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. அது கொண்டுவந்த குடியேற்றத்தின் அரசியல் தனிக் கதை. அதன் காயம் 1956 கலவரத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. கணக்கு வழியாகப் பார்த்தாலும், பி. எச். ஃபார்மர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழு செலவு பயனை மிஞ்சியதாகவே 1970இல் அறிக்கையிட்டது. பிறகு 1977க்குப் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம். மாதுறு ஓயா அணை, ‘பி’ வலயம். மயிலத்தமடுவும் மாதவனையும் மகாவலி அதிகாரசபையின் எல்லைக் கோட்டுக்குள் போயின. உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்களின் கீழ் சிறுபோகமும் செய்யப்பட்டதால் அரிதாள் மேய்ச்சலின் காலம் சுருங்கியது. மேற்குத் தரையின் தேவை கூடிய வேளையில் அதன் உரிமை மங்கியது. போர்க்காலத்தில் பல பட்டிகள் சிதறின. 2007 ஜூலையில் குடும்பிமலை படையினர் வசமானபின், திரும்பிப் போன பண்ணையாளர்கள் தங்கள் தரையில் வேறு கைகளைக் கண்டார்கள்.

இப்போதைய சிக்கல் சோளன். அயல் மாவட்டங்களிலிருந்து வருவோர் மேய்ச்சல் தரையை உழுது சோளன் விதைக்கிறார்கள். மாடுகள் சுடப்படுவதாகவும் வெட்டப்படுவதாகவும் பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்கினார்கள். இதை இன முரண்பாடாக எழுதிய செய்திகள் ஏராளம். அது உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மண்ணின் பக்கத்தை எழுதியவர்கள் குறைவு.

சோளன் மானாவாரியாக விதைக்கப்படுவது ஐப்பசி மழைக்கு. மாடுகள் மேற்கே வரவேண்டியதும் அதே மாதத்தில். ஆக மோதல் நாட்காட்டியிலேயே இருக்கிறது. அதைவிடப் பெரிது, இடியோடு கொட்டும் அந்த முதல் மழைகள் உழுது திறந்த தரையில் விழுவது. கறையான் சேர்த்த ஒரு சாண் மண் கலப்பை பட்டதும் கலைந்து, மழையோடு இறங்கிவிடுகிறது. பரல் மேலே வருகிறது. முதல் வருடம் சோளன் நன்றாகத்தான் நிற்கும். புல் இத்தனை காலம் சேமித்ததைச் செலவழிக்கிறது அது. அதன்பின் உரத்தால்தான் ஓட்டவேண்டும். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த அந்த ஒரு பெரும்போகத்தில் நாடு முழுவதும் விளைச்சல் விழுந்ததை எல்லோரும் கண்டோம். கையிருப்பே இல்லாத பரல் மண்ணில் உரமில்லாமல் சோளன் எத்தனை நாள் நிற்கும்?

அரித்த மண் மறைந்து போவதில்லை. முந்தனை ஆறு போன்ற ஆறுகளின் வழியே வயல் வாய்க்கால்களிலும் களப்புகளிலும் படிகிறது. வாவியின் ஆழம் குறைகிறது, முகத்துவாரம் வெட்ட வேண்டுமா வேண்டாமா என்று மாரி தோறும் உழவரும் மீனவரும் முரண்படுகிறார்கள். பாலமீன்மடுவில் நிற்கும் மீனவருக்கு மயிலத்தமடு தூர தேசம் என்று யாரும் எண்ணக்கூடாது.

நம் பக்கத்திலும் பிழை உண்டு. இளம்புல் சீக்கிரம் வரட்டும் என்று கோடையில் தீ வைக்கும் பழக்கம் மண்ணைக் கருக்கி, மழைக்கு முன் நிர்வாணமாக்குகிறது. திரும்பத் திரும்ப எரிந்த இடத்தில் மாடு விரும்பாத இலுக்குப் புல்தான் மிஞ்சுகிறது. தரை சுருங்கச் சுருங்க ஒரே இடத்தில் அளவுக்கு மேல் மாடு நெருக்குகிறது. கிறவல் குழிகளுக்குக் கையெழுத்திட்டவர்களும் அள்ளியவர்களும் வெளியூரார் மட்டுமல்ல. இதையெல்லாம் பண்ணையாளர் சங்கங்களே பேசவேண்டும், தங்கள் கோரிக்கையின் பலம் அதில்தான் கூடும்.

மேய்ச்சல் தரைக்கு எல்லை குறித்து வர்த்தமானியில் அறிவியுங்கள் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. அந்த எல்லையை அரசியல் பேரத்துக்கு விடாமல் மண்ணைக் கொண்டே வரையலாம். பரல் ஒரு சாணுக்குள் தட்டுப்படும் மேட்டு நிலத்தில் கலப்பை கூடாது. பள்ளங்களில் மண் ஆழமாகக் கிடக்கும் இடத்தில் பயிர் செய்யலாம், யாருக்கு என்பதைச் சட்டம் பார்க்கட்டும். இதற்குத் துளைகருவியும் நாடாவும் போதும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள். சித்தாண்டியின் பட்டிக்காரர்களுக்குத் தரையின் ஒவ்வொரு மடுவும் தெரியும். இரு தரப்பும் சேர்ந்து கச்சான் மாதங்களில் அளந்தால், அடுத்த ஐப்பசி உழவுக்கு முன்பே மாவட்டச் செயலகத்தின் மேசையில் ஒரு வரைபடம் இருக்கும்.