கசாப்பைப் பிடித்தது யார்?

2008 நவம்பர் 26 இரவு. மும்பையில் கசாப்பை உயிரோடு மடக்கியது டெல்லி ஏஜென்சி இல்லைங்க, உள்ளூர் போலீஸ்! துப்பாக்கியை விடாமல் பிடித்து உயிரைக் கொடுத்தவர் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே.

அதன்பிறகு வந்ததுதான் என்.ஐ.ஏ. எல்லை தாண்டிய சதியை விசாரிக்க அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் சட்டம் பிரிவு 6(5) என்ன சொல்லுது? மாநிலத்தைக் கேட்காமலே வழக்கை ஒன்றிய அரசு என்.ஐ.ஏ.விடம் கொடுக்கலாமாம்! காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கும்போது இது என்ன நியாயம்?

2012-ல் தேசிய பயங்கரவாத எதிர்ப்பு மையத்தை, மாநில உரிமை பறிபோகுதுன்னு எதிர்த்த முதல்வர்களில் குஜராத்தின் மோடியும் ஒருவர். அன்றைக்குச் சரியான வாதம் இன்றைக்கு எப்படித் தவறாகும்?

பயங்கரவாதத்தை ஒடுக்குவோம், மாநிலத்தை ஒதுக்கிவிட்டு அல்ல, சேர்த்துக்கொண்டு!

#மாநில_சுயாட்சி