காய்ச்சல் சூட்டிலும் கருகாத கிருமி

வன்னியில் வளர்ந்த சகோதரிகளுக்கு மலேரியாக் காய்ச்சலை விளக்கத் தேவையில்லை. குளத்தையும் காட்டையும் அண்டிய ஊர்களில் அது அழையாத விருந்தாளியாக வீட்டுக்கு வீடு வந்து போனது. முதலில் பல் கிட்டும் குளிர். எத்தனை போர்வை போட்டாலும் அடங்காது. பிறகு அனலாய்க் கொதிக்கும் சூடு. கடைசியில் பாய் நனைய வியர்வை. மறுநாள் பிள்ளை எழுந்து விளையாடப் போய்விடும். "சுகமாகிவிட்டது" என்று உம்மா நிம்மதியாக இருக்க, அதற்கடுத்த நாள் மறுபடி குளிர் தொடங்கும்.

இந்த முறைக்குக் காரணம் உண்டு. நுளம்பு கடித்து உள்ளே போன கிருமி ஈரலில் பெருகி, பின்பு இரத்தத்தின் செங்குழியங்களில் குடியேறுகிறது. ஏறக்குறைய 48 மணி நேரத்தில் அங்கும் பெருகி, குழியங்களை உடைத்துக்கொண்டு கூட்டமாக வெளியே வருகிறது. உடல் சூடேறுவது அப்போதுதான்.

காய்ச்சல் உடலின் தற்காப்பு. 40, 41 பாகைச் சூட்டில் கிருமியின் புரதங்கள் சீர்குலையும், சுடுநீரில் விழுந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போல. அப்படியானால் கிருமி செத்துவிட வேண்டாமா? ஒரு பங்கு சாகத்தான் செய்கிறது. முற்றியவை அதிகம் மடிய, குழியத்துக்குள் புதிதாக நுழைந்த இளசுகள் தாங்கிக்கொள்கின்றன. மிஞ்சியவை ஏறக்குறைய ஒரே வயதில் நிற்பதால் அடுத்த காய்ச்சலும் முறை தவறாமல் வருகிறது. நம் ஆயுதமே அவற்றை அணிவகுக்க வைக்கிறது, பார்த்தீர்களா!

எப்படித் தாங்குகின்றன? நம் உடற்கலங்களில், சூடு ஏறியதும் சில மரபணுக்களை முடுக்கிவிடும் ஒரு சுவிட்ச் உண்டு. அந்த மரபணுக்கள் குலைந்த புரதங்களைச் சீர்படுத்தும் வேறு புரதங்களை உண்டாக்கும். மலேரியாக் கிருமியிடம் நம்முடைய அந்தச் சுவிட்ச் இல்லை. பிறகு எதைக் கொண்டு பிழைக்கிறது? 2021 இல் ஸ்பெயினின் பார்சிலோனா நகர ஆய்வாளர்கள் விடையை வெளியிட்டார்கள். கொடிய வகையான பல்சிப்பாரம் கிருமியில் ஏபி2-எச்எஸ் என்ற புரதம் அந்த வேலையைச் செய்கிறது. ஆய்வுகூடத்தில் வளர்ந்த சில கிருமிகளில் இது பழுதாகியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை 41.5 பாகையில் 3 மணி நேரம் வைத்ததும் மடிந்தன. பழுதில்லாதவை பிழைத்தன.

ஆக, சூடு மட்டும் இந்தக் கிருமியை ஒழிக்காது. பனடோல் கொடுத்துச் சூட்டை இறக்கினாலும் ஒழியாது. இரத்தம் சோதித்து, உரிய மருந்து எடுத்தே ஆக வேண்டும்.

1999 இல் இலங்கையில் 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. யுத்த காலத்திலும் வன்னியில் மருந்தடித்தவர்களுக்கும் இரத்தம் சோதித்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. அதே 2016 இன் கடைசியில், கிணற்று நீரில் முட்டையிடும் இந்திய நுளம்பு வகையான ஸ்டீபன்சி மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. மன்னாரிலிருந்து வவுனியா எவ்வளவு தூரம்? கிணற்றையும் தண்ணீர்த் தாங்கியையும் வலையால் மூடுவது பெரிய வேலையல்ல.

இப்போது காய்ச்சல் என்றாலே எல்லோருக்கும் டெங்குதான் நினைவு. இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்க நாட்டிலிருந்தோ திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், போய்வந்த நாட்டின் பெயரை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் மலேரியா இரத்தச் சோதனை இலவசம். வந்து பல மாதமானாலும் சொல்லுங்கள். வைவக்ஸ் வகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும்.