எது 'நல்ல' தமிழ்?

"வடசென்னையில் நல்ல தமிழ் கிடையாது" என்னும் தீர்ப்பைத் தமிழ் படித்தோரே தயக்கமின்றி வழங்கிவருகின்றனர். அவர்கள் தமிழ் அறிந்தவர்களாகவே இருக்கலாம். 'நல்ல' என்னும் சொல்லை அறிந்தவர்களா என்பதே நம் கேள்வி.

இலக்கணத்தில் அது குறிப்புப் பெயரெச்சம். வழக்கிலோ அதன் பொருள், அடுத்து வரும் பெயரைப் பொறுத்தே அமைகிறது. நல்ல பாம்பு கடித்தால் உயிர் போகும். நல்ல வெயில் என்றால் கடும் வெயில். எள்ளின் நெய்யை நல்லெண்ணெய் என்பதால் தேங்காய் நெய் கெட்டதாகிவிடாது. குமரி மாவட்டத்தார் மிளகை நல்லமிளகு என்பர். மற்ற மிளகாய்களை அவர்கள் தள்ளிவைத்துவிடவில்லை.

மூலக்கொத்தளத்துத் தெருவில் "நல்ல தண்ணி வந்துச்சா?" என்றால் குடிக்கும் நீர் வந்ததா என்றே பொருள். பாத்திரம் துலக்க உப்புத் தண்ணீர் போதும். அருகிலுள்ள காசிமேட்டில் உலை கொதிப்பதே உப்புக் கடலால்தான். ஆக, இங்கே 'நல்ல' என்பது 'இன்ன பயனுக்கு ஏற்ற' என்று மட்டுமே பொருள்படுகிறது. பிற மொழிகளிலும் இவ்வியல்பு உண்டு. ஸ்பானிய மொழியில் 'புவேனோ' என்றால் நல்ல. 'எஸ்' என்னும் வினையோடு சேர்ந்தால் அது இயல்பான நற்குணத்தைக் குறிக்கும். 'எஸ்தா' என்பதோடு சேர்ந்தால், உண்ணும் பண்டம் சுவையாயிருப்பதைக் குறிக்கும். மெக்சிகோவிலோ தொலைபேசியை எடுத்ததும் சொல்லும் சொல்லே அதுதான்.

தமிழுக்கும் இவ்வளவுகோலே பொருந்தும். தேர்வுத்தாளில் 'சோக்கா கீது' என்று எழுதினால் நாமும் திருத்துவோம். மீன் ஏலத்தில் 'நன்றாக இருக்கின்றது' என்று கூவுபவரை ஏலக்காரர்கள் திருத்துவார்கள். இரண்டும் நியாயமே. 'இருக்கிறது' தேய்ந்து 'கீது' ஆனது. வடார்க்காட்டுப் பக்கமும் அவ்வாறே வழங்குகிறது. அதை இழிவென்பது மொழியாராய்ச்சி ஆகாது. பேசுபவரின் தெருவையும் தொழிலையும் பார்த்து இடும் மதிப்பெண் அது. அந்த மதிப்பெண்ணுக்கு அஞ்சி நம் மாணவர்கள் வகுப்பில் வாய் திறப்பதில்லை. பேசத் தெரிந்த பிள்ளைகளை ஊமையாக்கியதே இந்த 'நல்ல தமிழ்' கண்ட பயன்.

ஒன்றை நினைவூட்டுகிறோம். 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது போராடிச் சிறைப்பட்ட நடராசன் 1939 சனவரி 15 அன்றும், தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சிலும் உயிர்நீத்தனர். 1940 பிப்ரவரியில் கட்டாயம் விலக்கப்பட்டது. இருவரும் நல்லடக்கம் செய்யப்பட்ட இடம் மூலக்கொத்தளம். அவர்கள் வீட்டில் பேசியது நல்ல தமிழா என்று அன்று எவரும் கேட்கவில்லை. அவர்கள் காத்த மொழியில் ஊதியம் பெறும் நாம், அவர்கள் துயிலும் மண்ணின் பிள்ளைகளைப் பார்த்து அப்படிக் கேட்க எந்த உரிமையும் இல்லை.