மண் மீண்டது, மொழி மீண்டதா?

ஊரில் அம்மன் கோயில் கொடை. அழைப்பிதழ் கல்யாணில் உள்ள தமிழர் வீட்டுக்கு வருகிறது. தகப்பனார் ஆசையோடு படிக்கிறார். மகன் கையில் கொடுத்தால், புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா எழுதியிருக்கு?" என்று கேட்கிறான். தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பல வீடுகளில் இதுதான் நிலைமை.

இது சிறிய குறைதானே என்பவர்கள் அயர்லாந்தின் கதையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவைப் போலவே பிரிட்டிஷ் ஆட்சியில் சிக்கிக் கிடந்த தீவு அது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பட்டினியாலும் நோயாலும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அதைவிட அதிகம் பேர் பிழைப்புத் தேடிக் கப்பலேறினர். 1841-இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த அத்தீவின் மக்கள்தொகை, இன்றுவரை அந்த எண்ணிக்கையைத் திரும்ப எட்டவில்லை.

போனவர்கள் ஊரை மறக்கவில்லை. அமெரிக்காவில் மூட்டை தூக்கியும், ரயில் பாதை போட்டும் வீட்டுக்குப் பணம் அனுப்பினர். 1919-இல் டி வேலரா அமெரிக்கா சென்றபோது, விடுதலைப் போருக்கு அவர்கள் வாரிக் கொடுத்தனர். 1922-இல் தீவின் பெரும்பகுதி தனி அரசு கண்டது. மண் மீண்டது.

மொழி? பஞ்சத்தில் செத்தவர்களிலும் வெளியேறியவர்களிலும் ஐரிஷ் மொழி பேசிய ஏழைகள் ஏராளம். எஞ்சிய பெற்றோரோ, "ஆங்கிலம் தெரிந்தால்தான் பிழைப்பு" என்று பிள்ளைகளிடம் தாய்மொழி பேசுவதையே விட்டனர். சுதந்திரம் வந்தபின் ஐரிஷ் பள்ளிகளில் பாடமாயிற்று. 1937 அரசியல் சட்டம் அதை முதல் ஆட்சிமொழி ஆக்கியது. பலன் என்ன? 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுகிறவர்கள் சுமார் 72 ஆயிரம் பேர்தான்!

அரசு இருந்தது, சட்டம் இருந்தது, பள்ளி இருந்தது. வீடு கைவிட்டதை இந்த மூன்றும் சேர்ந்தும் முழுமையாக மீட்க முடியவில்லை.

"தமிழுக்கு அந்தக் கதி வராது, ஊரில் கோடிக்கணக்கானோர் பேசுகிறார்களே" என்று சமாதானம் சொல்லலாம். உண்மைதான், தமிழ் அழியாது. ஆனால் கல்யாணில் ஒரு வீட்டுக்குள் அது அழிந்துபோகலாம். அதற்கு இரண்டு தலைமுறை போதும். பாட்டியோடு பேசத் தெரியாத பேரனுக்கு, நாகர்கோவில் வண்டி ஏறிப் போனாலும் அந்த ஊர் அந்நிய ஊர்தான்.

மராத்தி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சோறு போடும் மண்ணின் மொழியை மதித்துக் கற்பது கடமை. வேலைக்கு ஆங்கிலமும் தேவை. மூன்று மொழி தாங்கும் பிள்ளைக்கு நான்காவது சுமையல்ல, அதுவும் தாய்மொழி!

மும்பை மாநகராட்சி தமிழிலும் பள்ளி நடத்துகிறது. அந்த எல்லைக்கு அப்பால் உள்ள கல்யாண்வாசிகள் அதை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. லோக்கலில் இடிபட்டு இரவு வீடு திரும்பும் குமாஸ்தாவுக்கு நேரமில்லைதான். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் கிடைக்காதா? உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. ஒரு சிலேட்டும் தகப்பனாரின் பொறுமையும் போதும்.

அடுத்த ஆண்டு கொடை அழைப்பிதழ் வரும்போது மகன் படிக்கட்டும், தகப்பனார் கேட்கட்டும்.